கேபிளை நிறுத்துவதற்கு முன்னால் அம்மாவின் ஏழரை மணியைப் பாருங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டிவியில் மாட்டி நெட் வழியாகச் சானலும் படமும் பார்க்கும் ஸ்டிக்கை வாங்கிய அன்றே கேபிள்காரருக்குப் போன் போட்டு "அண்ணே, இனிமே வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். அன்று சாயந்திரம் ஏழரை மணிக்கு அம்மா கூடத்தில் வந்து உட்கார்ந்து, புது ரிமோட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல நம்பரே இல்லையே, நான் எதை அமுக்குறது?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா இத்தனை வருஷமாகச் சானல் பெயரைப் பார்த்து எதையும் வைத்ததில்லை, எண்ணை மனப்பாடமாக வைத்திருந்தார். மறுநாள் காலையில் கேபிள்காரர் வீட்டுக்கே போய் அசடு வழிந்து இணைப்பைத் திரும்ப வாங்கி, அப்புறம் ஒழுங்காக ஒரு மாதம் எடுத்துக்கொண்டு மாற்றினேன். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு கிராமத்து வீட்டில் நடந்த கதை இது, உங்கள் வீடும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வாரத்துக்குத் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் யார், எத்தனை மணிக்கு, எந்தச் சானல் பார்க்கிறார்கள் என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் இருநூறு சானலுக்கு மேல் வந்துகொண்டிருந்தது, எழுதிப் பார்த்தால் பார்த்தது ஏழே ஏழு. அம்மாவுக்கு சன் டிவியிலும் விஜய் டிவியிலும் சேர்த்து நான்கு சீரியல். அப்பாவுக்குச் செய்தி, அதுவும் ஜூன் 12 நெருங்கினால் மேட்டூரில் எத்தனை அடி என்பதைத் தவிர வேறு எதுவும் காதில் விழாது. பையனுக்குக் கார்ட்டூன், எனக்குக் கிரிக்கெட். இந்தத் தாள்தான் உங்கள் கொள்முதல் பட்டியல், இது இல்லாமல் போனால் கடைக்காரர் சொல்வதை வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

அதே தாளில் இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கேபிள்காரரின் சொந்த லோக்கல் சானல். பக்கத்து ஊர் கும்பாபிஷேகம், தேர், இரங்கல் செய்தி, ஜவுளிக்கடை விளம்பரம் என்று ஓடுமே, அது. ஸ்டிக்கிலும் ஆப்பிலும் பெரும்பாலும் அது வராது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் இதை ரொம்பத் தேடினார்கள். சில லோக்கல் சானல்கள் யூடியூபிலும் போடுகிறார்கள், உங்கள் ஊர்க்காரர் போடுகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, காசுக்கு வருவோம். கேபிளை நிறுத்தினால் மிச்சம் என்பது பாதி உண்மைதான். இருநூறு சானல் வரைக்குமான அடிப்படைக் கட்டணம் 130 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020-இல் வைத்திருந்தது, 18 சதவீத வரியோடு 153 ரூபாய். 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள், அதனால் பழைய கணக்கை நம்பாமல் உங்கள் ரசீதைப் பாருங்கள். கட்டணச் சானல்கள் சேர்த்து மாதம் 250 என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 3,000. 30 எம்பிபிஎஸ் வேகத்தில் பைபர் நெட் இணைப்பு 399 ரூபாய் என்றால் வரியோடு 470, வருஷத்துக்கு ஐயாயிரத்து அறுநூறைத் தாண்டும், அதன் மேல் ஆப் சந்தா. ஆக, வீட்டில் ஏற்கெனவே பைபர் இருக்கிறது, பிள்ளைகள் படிப்புக்கோ வேலைக்கோ அது எப்படியும் வேண்டும் என்றால் கேபிளை நிறுத்துவது லாபம். டிவிக்காக மட்டுமே புதிதாக நெட் போடப் போகிறீர்கள் என்றால் கேபிளே மலிவு, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், இதற்கு மேல் படிக்கவும் வேண்டாம். மாதச் செலவே கூடாது, தூர்தர்ஷன் போதும் என்பவர்களுக்கு டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது, டிஷ்ஷுக்கும் பாக்ஸுக்கும் ஒரு தடவை கொடுப்பதோடு சரி, ஆனால் அம்மாவின் சீரியல் சானல்கள் அதில் கிடையாது.

போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. எச்டி படம் மணிக்குச் சுமார் 3 ஜிபி தின்னும், அதைவிடத் துல்லியமான 4கே என்றால் 7 ஜிபி. நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக் ஒரு அரை மணி நேர சீரியலோடு காலி. பைபர் இணைப்பில் பலரும் மாதத்துக்கு 3,300 ஜிபி தருகிறார்கள், எச்டியில் அது 1,100 மணி நேரம், ஒரு மாதத்துக்கு மொத்தமே 720 மணி நேரம்தான், அதனால் ஒரு டிவியை அணைக்காமலே வைத்தாலும் தீராது. வேகமும் அப்படித்தான், எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15 இருந்தால் போதும், 100, 200 என்று விற்பவரிடம் மயங்க வேண்டாம்.

வேகத்தைவிட வீட்டின் சுவர்தான் பிரச்சினை. நம் பக்கத்துப் பழைய வீடுகள் திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று நீளமாகப் போகும், சுவரும் ஒன்றரை அடி கனம். பைபர் போட வருகிற பையன் வாசலுக்குள் நுழைந்ததும் முதல் சுவரிலேயே வைஃபை ரூட்டரை அடித்துவிட்டு ஓடப் பார்ப்பான், அவனுக்கு அன்று இன்னும் நாலு வீடு இருக்கும். விடாதீர்கள். காபி கொடுத்து உட்கார வைத்து, ஒயரை டிவி இருக்கும் இடம் வரைக்கும் இழுக்கச் சொல்லுங்கள், கூடுதல் ஒயருக்கு இருநூறு முந்நூறு கேட்டால் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ரேழியில் மாட்டியிருந்தபோது கூடத்தில் படம் நிமிஷத்துக்கு ஒரு தடவை வட்டம் சுற்றியது, ரூட்டரை டிவி மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததும் அந்தத் தொந்தரவு அதோடு நின்றது. ரூட்டரில் 2.4, 5 என்று இரண்டு வைஃபை பெயர் தெரியும். ஒரே அறை என்றால் 5, நடுவில் சுவர் இருந்தால் 2.4, இவ்வளவு தெரிந்தால் போதும்.

இனி ஸ்டிக். முதலில் டிவியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள், எச்டிஎம்ஐ என்று போட்ட தட்டையான துளை இருக்கிறதா? இருந்தால் எந்த ஸ்டிக்கும் வேலை செய்யும். ஏற்கெனவே ஸ்மார்ட் டிவி என்றால் ஸ்டிக்கே வேண்டாம், ஆப்பைத் திறந்தால் அது தூங்கி எழுந்து வருகிறது என்ற நிலைமை இருந்தால் மட்டும் வாங்குங்கள். 2006-இல் ஆரம்பித்த இலவச கலர் டிவி திட்டத்தில் வந்த 14 இஞ்ச் பெட்டி இன்னும் ஓடுகிற வீடுகள் இருக்கின்றன, அதில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு பின்தான் உண்டு. அதற்கு 'எச்டிஎம்ஐ டு ஏவி' கன்வெர்ட்டர் வேண்டும். 'ஏவி டு எச்டிஎம்ஐ' என்பது தலைகீழ்ச் சாமான், பார்க்க இரண்டும் ஒரே மாதிரி சின்ன டப்பாதான், மாற்றி வாங்கி வந்து அலைந்தவர்கள் உண்டு. சரியான டப்பாவை மாட்டினாலும் திருட்டு நகல் தடுப்புக்காக சில கட்டண ஆப்கள் படத்தைக் காட்டாமல் கறுப்புத் திரையாக நிற்கும், யூடியூப் ஓடும். அந்தப் பழைய பெட்டிக்காக இத்தனை செலவு செய்வதற்கு ஒரு 32 இஞ்ச் வாங்குவது மேல் என்பது என் எண்ணம்.

அமேசான் ஃபயர் டிவி ஸ்டிக், கூகுள் டிவியில் ஓடும் ஷாவ்மி மாதிரி ஸ்டிக்குகள், இவற்றில் எதுவும் குறை இல்லை. டிவி 4கே இல்லை என்றால் 4கே ஸ்டிக்குக்குக் கூடக் கொடுப்பது வீண். ஆனால் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ், "எல்லா ஓடிடியும் ஃப்ரீ, எல்லாச் சானலும் வருஷத்துக்கு ஆயிரம்" என்று யாராவது நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகருங்கள். திருட்டுச் சரக்கு என்பது ஒரு பக்கம். அந்த மாதிரிப் பெட்டிகள் சில, கடையிலிருந்து வரும்போதே உள்ளே வைரஸோடு வருகின்றன, பேட்பாக்ஸ் என்று பெயர் வைத்து 2023-லேயே ஆய்வாளர்கள் வெளியே கொண்டுவந்தார்கள், 2025 ஜூனில் அமெரிக்க எஃப்பிஐயே எச்சரிக்கை விட்டது. உங்கள் வீட்டு வைஃபையில் உட்கார்ந்துகொண்டு அது யாருக்கோ வேலை பார்க்கும். இன்னொன்று, ஒழுங்கான உரிமம் இல்லாத பெட்டியில் காசு கட்டிய ஆப்பும் மங்கலாகத்தான் தெரியும், எச்டி தரமாட்டார்கள்.

மாட்டுவது பத்து நிமிஷ வேலை. ஸ்டிக்கோடு ஒரு சாண் நீளத்துக்குள் சின்ன எச்டிஎம்ஐ ஒயர் துண்டு வரும் பாருங்கள், வேண்டாத சாமான் என்று டப்பாவிலேயே போட்டுவிடாதீர்கள், அதை நடுவில் கொடுத்து மாட்டினால் ஸ்டிக் டிவியின் முதுகோடு ஒட்டாமல் வெளியே தள்ளி நிற்கும், வைஃபை நன்றாக எட்டும். கரண்டுக்கு டிவியின் யுஎஸ்பி துளையைப் பயன்படுத்தவே வேண்டாம். பழைய டிவிகளில் அது அரை ஆம்பியர்தான் தரும், ஸ்டிக்குக்கு ஒரு ஆம்பியர் வேண்டும். முதல் நாள் ஓடும், நாலாம் நாள் சீரியல் நடுவில் தானே அணைந்து தானே எழுந்திருக்கும், நீங்கள் ஸ்டிக் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். கூட வந்த அடாப்டரைச் சுவர்ப் பிளக்கில் போடுங்கள். முதல் தடவை ஆன் செய்ததும் அப்டேட் ஓடும், அரை மணி கூட ஆகும், அது பாட்டுக்கு ஓடட்டும். டிவி ரிமோட்டில் சோர்ஸ் அல்லது இன்புட் பட்டனை அமுக்கி எந்தத் துளையில் மாட்டினீர்களோ அந்த எச்டிஎம்ஐயைத் தேர்ந்தெடுக்க வேண்டும், "திரை கறுப்பா இருக்கு" என்று வரும் போன்களில் முக்கால்வாசிக்கு இதுதான் பதில்.

அப்புறம் ரிமோட். ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். வட்டத்துக்கு நாலு பக்கமும் அமுக்கலாம், நடுவில் அமுக்கினால் 'சரி', வீடு படம் போட்டது ஆரம்பத்துக்குப் போகும், வளைந்த அம்பு ஒரு படி பின்னால் போகும். இந்த நாலைத் தவிர மற்ற பட்டன் எதையும் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டுப் பட்டன் மேல் என் தங்கையின் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்தோம். "எங்கயாவது போய் மாட்டிக்கிட்டா செவப்பை அமுக்கும்மா" என்று மட்டும் சொன்னேன். முதல் வாரம் சிவப்பு சிவப்பாக அமுக்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் வாரம் விட்டுப்போன எபிசோடை அவரே தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, விளம்பரம் இல்லாமல் இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டதே என்று ஆச்சரியப்பட்டார். முகப்புத் திரையில் அவர் பார்க்கும் இரண்டு ஆப்களையும் முதல் வரிசையில் முதலில் வையுங்கள், ஆப் மேல் நின்று ஒரு பட்டனை அமுக்கிப் பிடித்தால் நகர்த்தும் வசதி வரும். முகப்பில் தானாகச் சத்தத்தோடு ஓடும் விளம்பரப் படங்களை செட்டிங்கில் அணைத்துவிடுங்கள், பெரியவர்களைக் குழப்புவதே அதுதான். குழந்தை இருக்கிற வீடு என்றால் பின் நம்பர் போட்டு வாங்கும் வசதியைப் பூட்டுங்கள்.

ஆப் எது என்பதை அந்தக் காலண்டர் தாள்தான் சொல்லும். சன் குழுமச் சானல்களும் சீரியல்களும் சன் நெக்ஸ்டில், விஜய் டிவி சமாசாரம் ஜியோஹாட்ஸ்டாரில், ஜீ தமிழ் என்றால் ஜீ5. செய்திக்குக் காசே வேண்டாம், புதிய தலைமுறை, தந்தி, பாலிமர், சன் நியூஸ் எல்லாம் யூடியூபில் நேரலையாக ஓடுகின்றன. தூர்தர்ஷனுக்குப் பிரசார் பாரதியின் வேவ்ஸ் ஆப் இருக்கிறது, 2024 நவம்பரில் வந்தது. திருவையாற்றில் ஆராதனை அன்று பஞ்சரத்தினம் பார்க்க அப்பாவுக்கு டிடி தமிழ் அவசியம். நேரலைச் சானல் பழக்கத்தை விடவே முடியாது என்கிற வீடுகளுக்கு, பைபர் கொடுக்கும் நிறுவனங்களே சானல்களோடு தரும் பாக்ஸோ ஆப்போ இருக்கிறதா என்று கேளுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

சந்தா கட்டும்போது இரண்டு இடத்தில் வழுக்கும். மலிவான மொபைல் பிளான் டிவியில் ஓடாது, நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய் பிளான் போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும்தான். அடுத்தது, ஒரே நேரத்தில் எத்தனை திரை என்ற கணக்கு. என் தம்பி சென்னையில் இருந்துகொண்டு எங்கள் பாஸ்வேர்டில் மேட்ச் பார்க்க, இங்கே அம்மாவுக்கு சீரியல் நின்றுபோய், ஒரு வாரம் நெட்டைத் திட்டிக்கொண்டிருந்தோம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். தினமும் பார்ப்பதை வருஷத்துக்குக் கட்டலாம், கிரிக்கெட்டுக்கு அந்த சீசனுக்கு மட்டும். யுபிஐயில் ஆட்டோபே போட்டிருந்தால் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் மெசேஜ் வரும், அதைப் பார்க்காமல் தள்ளிவிடுவதுதான் நம் வழக்கம், வேண்டாததை யுபிஐ ஆப்பிலேயே போய் ரத்து செய்துவிடுங்கள்.

கிரிக்கெட் பைத்தியங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நெட்டில் வரும் மேட்ச் கேபிளைவிட அரை நிமிஷம் வரைக்கும் பிந்தி வரும். பௌலர் ஓடி வந்துகொண்டிருப்பான், அதற்குள் பக்கத்து வீட்டில் "அவுட்டு!" என்று கூரை அதிரும். இதற்கு வைத்தியம் கிடையாது. ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம், இல்லை பக்கத்து வீட்டுக்கே போய்விடலாம், நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

ஐப்பசி கார்த்திகைக்கு முன்னால் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கேபிளில் தெருவில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்டு வேண்டும், அதனால்தான் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் தெருவில் கரண்டு போனால் படம் போய்விடும். பைபரில் பெரும்பாலும் தெருப் பெட்டிக்குக் கரண்டு தேவையில்லை, உங்கள் வீட்டு ரூட்டருக்கு மட்டும் இருந்தால் நெட் வரும். ரூட்டர் அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருந்தால் அதற்கேற்ற மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டுங்கள், சில மணி நேரம் தாங்கும், மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டு நிறுத்தும் நாளில் போனுக்காவது நெட் இருக்கும். இடி இடித்தால் எப்போதும்போல பிளக்கைப் பிடுங்குங்கள், பைபர் கண்ணாடி இழைதான் என்றாலும் கரண்டு வழியாக வருவது வரத்தான் செய்யும்.

மழையைவிட எங்கள் தெருவில் பைபருக்கு எமன் வைக்கோல் லாரி. தை மாதம் சம்பா அறுப்பு முடிந்ததும் வீட்டு உயரத்துக்கு வைக்கோல் அடுக்கிக்கொண்டு லாரி வரும், குறுக்கே தொங்கும் ஒயரை அப்படியே வாரிக்கொண்டு போகும். போன வருஷம் இரண்டு தடவை அறுந்தது, ஒட்ட ஆள் வர ஒரு தடவை மூன்று நாள் ஆனது. இணைப்புக் கொடுக்கும்போதே ஒயரைத் தெருவைத் தாண்டும் இடத்தில் உயரமாகக் கட்டச் சொல்லுங்கள். நம்பர் வாங்கும்போது கஸ்டமர் கேர் நம்பரோடு நிற்காமல், ஏணியோடு வருகிற அந்தப் பையனின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது நம் மாவட்டங்களில் கம்பமே படுத்துவிட்டது, அந்த மாதிரி நாளில் கேபிளும் இல்லை, பைபரும் இல்லை, டவரும் இல்லை. பேட்டரி போட்ட ஒரு ரேடியோ அலமாரியில் இருக்கட்டும்.

ஒரு மாதம் இப்படிக் கேபிள், ஸ்டிக் இரண்டும் ஓடி, வீட்டில் யாரும் பழைய ரிமோட்டைத் தேடவில்லை என்றால் இப்போது கேபிள்காரருக்குச் சொல்லலாம். மாதக் கடைசியில் சொல்லுங்கள், பாக்கி இருந்தால் தீர்த்துவிடுங்கள். பாக்ஸ் பெரும்பாலும் அவர்களுடையது, அரசு கேபிள் பாக்ஸும் அப்படியே, அதனால் பாக்ஸ், ரிமோட், அடாப்டர் மூன்றையும் கொடுத்து, கொடுத்ததாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், முன்பணம் ஏதாவது கட்டியிருந்தால் அதையும் கேளுங்கள். சண்டை வேண்டாம். இன்று பல ஊர்களில் பைபர் கொடுப்பவரும் அதே கேபிள்காரர்தான், எங்கள் ஊரில் வைக்கோல் லாரி அறுத்ததை ஒட்ட வந்தவரும் அவர்தான். அவர் கழற்றிப்போட்ட பழைய கறுப்பு ஒயரை மட்டும் அம்மா திருப்பித் தரவில்லை, கொல்லையில் துணி காயப்போடக் கொடியாகக் கட்டியிருக்கிறார்.